அவசரமில்லை என்று எழுதிவிட்டேன்

என் தங்கை கணக்கு டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வேலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவளுடைய கம்ப்யூட்டர், திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். கதை, செய்தி எல்லாம் ஒழுங்காகத்தான் படித்தது. எண் வந்தால்தான் தகராறு. ஒன்றேகால் லட்சத்தை நாம் கமா போட்டு எழுதினால் அது ‘ஒன்று, இருபத்தைந்து, சுழியம் சுழியம் சுழியம்’ என்று ஒப்பாரி வைக்கும். முக்கால் என்பது ‘மூன்று சாய்கோடு நான்கு’. ‘செ.மீ.’ வந்தால் ‘செ’ என்று சொல்லி மூச்சு வாங்கிவிட்டு ‘மீ’ என்னும். கணக்கு டீச்சர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு சின்ன லைப்ரரி, அதாவது துணை நிரல், எழுதினேன். எண்களையும் சுருக்கங்களையும் சரியான தமிழ்ச் சொற்களாக மாற்றி, படிக்கும் மென்பொருளிடம் கொடுக்கும், அவ்வளவுதான். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நன்றாகவே ஓடியது. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் புதுப்பிக்கப்படும்போது மட்டும் படுத்துக்கொள்ளும். உடனே எனக்குப் போன் வரும். நான் மில் மெஷின்களுக்கு நிரல் எழுதுகிறவன். ஆபீஸில் எந்த மீட்டிங்கில் இருந்தாலும் எழுந்து வெளியே வந்து வழி சொல்லுவேன்.

அந்த நிலையில்தான் ஈரோட்டில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேருவதற்கு முன்பே அங்குள்ள கம்ப்யூட்டர் லேபைப் பார்க்கப் போனோம். லேபைக் கவனிப்பவர் தன்மையான மனிதர். எங்களுக்கு டீ வரவழைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். ஆனால் விஷயத்துக்கு வந்ததும் பிடி கொடுக்கவில்லை.

“வெளிய இருந்து ஒண்ணும் ஏத்தறதில்லீங்க. ஒருக்கா ஏத்திப்போட்டு மொத்த லேபும் படுத்துப்போச்சுங்க. லினக்ஸ்காரங்களே அவங்க லிஸ்ட்டுல சேத்துட்டாங்கன்னா நாளைக்கே போட்டுத் தாரேனுங்க. முழுப்பரீட்சை லீவு முடியறதுக்குள்ள புது வெர்ஷனுக்கு மாத்தப்போறோம், அதுல வந்துச்சுன்னா சரிங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில், பெருந்துறை தாண்டிய பிறகு தங்கை சொன்னாள்: “பக்கத்துல ஒருத்தரை உக்காரவெச்சுக் கேள்வித்தாளைப் படிக்கச் சொல்லோணும்னா, நான் எதுக்குங்ணா அங்க போகோணும்? அது வர்லீன்னா நான் சேர மாட்டேனுங்க.”

சொன்னால் செய்கிறவள்.

நாம் எழுதிய லைப்ரரியை லினக்ஸ் வெளியீடு ஒன்றில் நாமே கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. அதை நடத்துகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கும் தன்னார்வலர்கள். அவர்களில் ஒருவர் நம் நிரலைப் பிரித்துப் பார்த்து, அதைக் கட்டி வைத்த பேக்கேஜ் சரியாக இருக்கிறது என்று தன் பொறுப்பில் ஏற்ற வேண்டும். புது வெர்ஷன் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு ‘ஃப்ரீஸ்’ என்று பெயர். அதற்குப் பிறகு புதிதாக எதுவும் உள்ளே போகாது. அடுத்த வெர்ஷனுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

அவர்களுடைய மின்னஞ்சல் குழுவில் உதவி கேட்டு எழுதினேன். முகம் தெரியாத ஒருவர், ‘நான் பார்க்கிறேன்’ என்றார். எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. வெளியே பனி பெய்கிறது என்று ஒருமுறை எழுதியிருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவர், என் நிரலை வரி வரியாகப் படித்தார். ஒவ்வொரு கோப்பையும் யார் எழுதியது, எந்த உரிமத்தில் என்று கேட்டார். சுருக்கச் சொற்களின் பட்டியலை எந்த இணையதளத்திலிருந்து எடுத்தேன் என்பது எனக்கே மறந்திருந்தது. அப்படியானால் அது செல்லாது என்றார். நானும் தங்கையும் உட்கார்ந்து அதை முதலிலிருந்து சொந்தமாக எழுதினோம். ஒரு தடவைகூட அவர் ‘இது தவறு’ என்று எழுதியதில்லை. ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை’ என்பார். போய்ப் பார்த்தால் தவறாகத்தான் இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு என் வேலையைச் சரிபார்த்த எந்த மேலாளரும் என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

எல்லாவற்றையும் திருத்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஃப்ரீஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை எழுத மனம் வரவில்லை. சும்மா செய்து கொடுக்கிற மனிதரைப் போய் நச்சரிப்பதா?

“நீங்க கடைசியா என்னன்னுதான் எழுதுனீங்க? எனக்கு அனுப்புங்க, கேக்கறேன்” என்றாள் தங்கை.

அனுப்பினேன். அவளுடைய கம்ப்யூட்டர் என் ஆங்கில மின்னஞ்சலை எங்கள் இரண்டு பேர் முன்னாலும் சத்தமாகப் படித்தது. சிரமத்துக்கு மன்னிப்பு, உதவிக்கு நன்றி, மறுபடியும் மன்னிப்பு. கடைசியில், ‘ஒன்றும் அவசரமில்லை, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது மெதுவாகப் பார்த்தால் போதும்’.

முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“என்ற வேலைக்கு அவசரமில்லீங்களாண்ணா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் வேண்டுமென்று எழுதவில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். டெய்லரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, “பொறுமையாத் தைங்க, ஒண்ணும் அவசரமில்லீங்க, ஞாயித்துக்கிழமை கல்யாணமுங்க” என்போம். அவரும் “ஆகட்டுங்க” என்று சனிக்கிழமையே தைத்து வைத்திருப்பார். கோயமுத்தூரில் பிறந்த எவருக்கும் இதில் குழப்பம் வராது. பனி பெய்யும் ஊர்க்காரருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்குக் கல்யாணத்தைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

“இப்ப எழுதுங்க, நான் சொல்றேன்” என்றாள். இது ஃப்ரீஸுக்கு முன்னால் வேண்டும். ஒரு கணக்கு ஆசிரியரின் வேலை இதை நம்பி இருக்கிறது. உங்களால் முடியுமா, முடியாதா? இவ்வளவுதான். கை கூசியது. நடுவில் நைசாக ஒரு மன்னிப்பைச் செருகினேன். அவள் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்து அழிக்க வைத்தாள். இன்னோர் இடத்தில் செருகினேன், அதையும் அழிக்க வைத்தாள்.

அன்றைக்கே பதில் வந்தது. அவசரமில்லை என்று நான் சொன்னதால், ஃப்ரீஸுக்குப் பிறகு பார்க்க வேண்டியவற்றோடு இதைச் சேர்த்து வைத்துவிட்டாராம். ‘ஓர் ஆசிரியர் காத்திருக்கிறார் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நாளை எனக்கு விடுமுறை, முழு நாளும் இதற்குத்தான்’ என்று எழுதியிருந்தார்.

சொன்னபடியே செய்தார். ஒரு சோதனை அவருடைய கம்ப்யூட்டரில் தோற்றது. அதை என்னிடம் திருப்பி அனுப்பாமல் அவரே சரிசெய்தார். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களிடமும் அவரே பேசினார். கதவு சாத்துவதற்குள் எங்கள் லைப்ரரி உள்ளே போய்விட்டது. அதன் பேரைப் பட்டியலில் பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இங்கே வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று அவருக்கு எழுதினேன். ‘இதையும் நான் சொன்னபடியே எடுத்துக்கொள்ளலாமா?’ என்று கேட்டார்.

“நெசமாலுந்தானுங்கன்னு எழுதுங்க” என்றாள் தங்கை. எழுதினேன்.

பள்ளி திறந்த அன்று, அங்கேயே ஹாஸ்டலில் தங்கப் போனவளைச் சிங்காநல்லூரில் ஈரோடு பஸ் ஏற்றிவிட்டேன். லேப்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் என்று மாலையில் ஒரு செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு போனே இல்லை. மீட்டிங்குகளில் போனை மேசைமேல் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாவது படுத்துக்கொண்டிருக்கும், எனக்குச் சங்கடம் வேண்டாமென்று சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

“ஏனுங்ணா, எதாவது பிரச்சனைங்களா?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“இல்ல கண்ணு, சும்மாதான். அங்க எல்லாம் ஓடுதா?”

“அது பாட்டுக்கு ஓடுதுங்க. பசங்க உக்காந்திருக்காங்க, வெய்யுங்ணா.”

வைத்துவிட்டாள். முகம் தெரியாத அந்த மனிதர் இருக்கும் திசை எதுவென்று தெரியாமல், ஆபீஸ் வராண்டாவில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டேன்.