பிச்சை தன் காரை இளைக்க வைத்த கதை

அரிமளம் பிச்சைக்குத் தெரிந்த சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: கனம் குறைந்தால் ஓட்டம் கூடும். இளவட்டத்தில் அவன் மாட்டுவண்டிப் பந்தயச் சாரதி. பந்தயத்துக்கு முதல் நாளே சோற்றைக் குறைப்பான், இடுப்பிலிருக்கும் அரைஞாணைக்கூட அவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வண்டியேறுவான். துணைச் சாரதியாக வருகிறவன் பாதித் தூரம் வண்டியில் உட்காரவே மாட்டான். இறங்கிக் கூடவே ஓடி, மாடுகளை அதட்டிவிட்டு, மறுபடி பின்னால் வந்து தொத்திக்கொள்வான். அப்படி ஓடி வாங்கிய கேடயங்கள் இப்போது பரணில் தூசி தின்றுகொண்டிருக்கின்றன.

கல்யாணமானதும் பிரகதாம்பாள் சமையல் அவனை நன்றாகக் கவனித்துக்கொண்டது. வண்டி தாங்காத உடம்பாகிப் போனதும் பந்தயத்தை விட்டுவிட்டு, பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். கார் என்று அவன் சொல்கிறான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்தக் கார்தான் அவன் மானத்தை வாங்கியது. தங்கை செல்வராணியைக் குடுமியான்மலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது, ஐயனார் கோயிலுக்குப் போகும் பாறைமேட்டில் கார் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், சித்தப்பா மகன் ரகுநாத் மடியில் பிள்ளையை வைத்துக் காதைக் குத்தி முடித்திருந்தார்கள். கூடப்பிறந்த மாமன் இருக்க, இன்னொருவன் மடியில்! செல்வராணி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் அவள் போன் செய்வதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது அவளுடைய இளைய மகள் இலக்கியாவுக்குக் காதுகுத்து. பத்திரிகை வந்த அன்றே பிச்சை ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான்.

"இன்ஜின் வேலை பாக்கணும்னு மெக்கானிக் சொன்னாருல்ல?" என்றாள் பிரகதாம்பாள்.

"அவனுக்கென்ன தெரியும்? இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. கனந்தான் கூடிப்போச்சு."

பின்சீட்டு போனது. ஏசி போனது. தரை விரிப்பு, கதவின் உள்மெத்தை, ஸ்டெப்னி, ஜாக்கி, முன் பம்பர், பின் பம்பர், கண்ணாடிகள் எல்லாம் போயின. பின்னால் பார்ப்பது தோற்கிறவன் வேலை என்று அதற்கொரு வியாக்கியானம் வேறு. டேஷ்போர்டு பிள்ளையாரையும் ஒரு நிமிஷம் கையில் தூக்கி எடை பார்த்தான். பிரகதாம்பாள் முறைத்த முறைப்பில் அவர் மட்டும் தப்பித்தார்.

"எல்லாத்தையும் கழட்டுறீங்களே, ஒங்க தொந்திய எப்பக் கழட்டப் போறீங்க?"

"போடி வேலையப் பாத்துக்கிட்டு."

இவள் மகளிர் குழு மூலமாகக் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியவள். சாவியைத்தான் இதுவரை அவன் கொடுத்ததில்லை.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், கார் பறந்தது. உள்ளே தகரம் போட்ட கூச்சலில் பக்கத்திலிருப்பவர் கத்தினால்கூடக் காதில் விழாது, ஆனால் பறந்தது. காலியாகப் பறந்ததைப் பார்த்துப் பூரித்துப்போனவன், சீரை மறந்துவிட்டான். விசேஷத்தன்று காலையில் அரிசி மூட்டை, பித்தளை அண்டா, வாழைத்தார், தேங்காய் மூட்டை, ஐயனாருக்கு நேர்ந்த கிடா என்று அவன் கழற்றிய கனமெல்லாம் வட்டியோடு உள்ளே வந்து உட்கார்ந்தது.

பாறைமேட்டில் பாதி ஏறியதும் கார் முனகிக்கொண்டு நின்றது. பிச்சை திரும்பிச் சீரைப் பார்த்தான்.

"அரிசி மூட்டைய எறக்குவமா?"

"மாமன் சீர நடுரோட்டுல எறக்கிட்டுப் போனா ஊரே காறித் துப்பும். எறங்குறதுன்னா நீங்கதான் எறங்கணும்" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த பிரகதாம்பாள்.

அவனுக்குப் பழைய புத்தி பளிச்சென்று வேலை செய்தது. "சரி, நீ ஓட்டு. நான் தள்ளிக்கிட்டே ஓடியாரேன். உச்சிக்கு வந்ததும் பின்னாடி தொத்திக்கிர்றேன். எங்கயும் நிப்பாட்டிராத, அப்பறம் கெளம்பாது."

அவன் இறங்கிய மாத்திரத்தில் கார் சிலிர்த்துக்கொண்டு கிளம்பியது. தள்ள வேண்டிய தேவையே இல்லை. உச்சியில் தொத்தப் போனான். எதில் தொத்துவது? பம்பர் வீட்டில் கிடந்தது. "ஏய், நிறுத்துடி!" என்று கத்தினான். தகரக் கூச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்? திரும்பிப் பார்க்கக் கண்ணாடியும் இல்லை. சீர் போயிற்று, கிடா போயிற்று, டேஷ்போர்டில் வைத்த அவனுடைய செல்போனும் போயிற்று. போய்ச்சேர வேண்டிய மடி மட்டும் நடுரோட்டில் நின்றது.

ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி ஒரு பக்கமும் உயிர் ஒரு பக்கமுமாக ஓடினான். கோயில் இன்னும் தொலைவில் இருந்தது. அங்கிட்டிருந்து குலவைச் சத்தம் எழும்பியது. குத்திவிட்டார்கள். பிச்சை அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். இந்தத் தடவையும் ரகுநாத் மடிதானா? தங்கச்சி முகத்தில் இனி எப்படி முழிப்பான்? அழுது ஓய்ந்ததும், திரும்பிப் போக வழியில்லாமல் எழுந்து நடந்தான்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு கடுப்பாக உட்கார்ந்திருந்தார். ரகுநாத் ஓரமாக நின்றான். பிரகதாம்பாள் அழுத கண்ணோடு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் செல்வராணி, பிள்ளையின் இரண்டு காதையும் தன் கைகளால் இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"குலவைச் சத்தம் கேட்டுச்சே?" என்றான் பிச்சை, மூச்சு வாங்க.

"அது சீர் வந்ததுக்கு" என்றாள் செல்வராணி.

"நல்ல நேரம் போயிருக்குமேத்தா..."

"போகட்டும். நேரமா எம்புள்ளைக்கு மாமன்?" என்றாள் அவள். "அன்னிக்கி மாமியா வீட்டுக்குப் பயந்து, அண்ணன் வரட்டும்னு வாயத் தொறந்து சொல்லாம இருந்துட்டேன். அந்த வெக்கத்துலதாண்ணே ஒனக்குப் போனே பண்ணல. ஒம்மேல எனக்கென்ன கோவம்?"

பிச்சை பலகையில் சம்மணமிட்டான். அவள் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ஆசாரி ஊசியை எடுப்பதற்குள் அவன் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். மடியிலிருந்த பிள்ளை அவனை வேடிக்கை பார்த்தது.

"யோவ், ஆடாம இருய்யா," என்று அதட்டினார் ஆசாரி. "காது குத்துறது ஒனக்கா, புள்ளைக்கா?"