லாஃப்ட் ஓரத்து ஈரம்

ஒருவழியாக எங்கள் வீட்டு கிச்சன் சுவர் காய்ந்துவிட்டது!

சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன அபார்ட்மென்ட், முதல் மாடியில் நாங்கள். போன மாதம் கிச்சன் லாஃப்ட்டில் இருந்து வடாம் பையை இறக்கினேன். உள்ளே பச்சைப் பூஞ்சை! (மொட்டை மாடியில் காக்காயோடு சண்டை போட்டுக் காயவைத்த வடாம், மறுபடியும் கூழாக மாறப் பார்த்தது.)

டார்ச் அடித்துப் பார்த்தேன். பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் சுவர் முழுக்கக் கறுப்பு. தொட்டால் பெயின்ட் கையோடு வருகிறது.

மழைக்காலம், பக்கத்தில் ஏரி வேறு, அதனால்தான் என்று நினைத்தோம். (ஏரி முதல் மாடி வரை ஏறி வருமா என்று யாரும் யோசிக்கவில்லை!)

பிளம்பர் அண்ணா ஸ்டூலில் ஏறிப் பார்த்தார்.

"இது மழைத்தண்ணி இல்லக்கா. மேல வூட்டு சிங்க்குல இருந்து வந்துகினு கீது."

மேல் வீட்டில் எஸ்தர் ஆன்ட்டி. ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர், தனியாக இருக்கிறார். ஒரே மகன் துபாயில். வீடு மகன் பெயரில்.

நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். அதற்குள் என் வீட்டுக்காரர் சுவரை போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

"நேர்ல சொன்னா சரி சரின்னு தலையாட்டுவாங்க. குரூப்ல போட்டாதான் வேலை நடக்கும்."

(படிக்கட்டில் பல்ப் எரியவில்லை என்றாலும் எங்கள் அபார்ட்மென்ட்டில் இதுதான் வழக்கம்.)

ஆன்ட்டி அந்த குரூப்பில் இல்லை. அவருடையது பட்டன் போன். ஓனர் என்ற முறையில் மகன்தான் இருக்கிறார். படியேறும்போது இது எனக்கு உறைக்கவே இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் ஆன்ட்டியின் முகம் சுருங்கிப்போனது.

சிங்க்குக்குக் கீழே இருந்த கதவை நானே குனிந்து திறந்தேன். பைப் ஜாயின்ட்டைச் சுற்றி ஒரு பழைய புடவை இறுக்கிக் கட்டியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நாற்றம் அடித்தது.

"முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. கட்டினதோட சரி, மறுபடி குனிஞ்சு பிழிய முடியல."

"பிளம்பரைக் கூப்பிட்டிருக்கலாமே ஆன்ட்டி!"

"கூப்பிட்டா அசோசியேஷன் செகரட்டரிக்குத் தெரிஞ்சிடும். அவரு பையன்கிட்ட சொல்லிடுவாரு. உன்னால தனியா முடியலம்மா, முதியோர் ஹோமுக்குப் போயிடுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்கான். இந்த வீட்ட விட்டு நான் எங்கம்மா போவேன்? அவனுக்கு மட்டும் தெரிய வேணாம். ப்ளீஸ்."

அப்போதுதான் அவருடைய போன் அடித்தது.

"பையன்தான்! இந்த நேரத்துல கூப்பிட மாட்டானே..." சிரித்துக்கொண்டே எடுத்தார்.

"சொல்லுப்பா... எந்த போட்டோ?... இல்லப்பா, சின்ன லீக்தான்..."

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பிளம்பர் அண்ணா அன்றைக்கே ஜாயின்ட்டை மாற்றிவிட்டார். மகன் லீவு போட்டு வந்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது.

"குனியக்கூட முடியாம இருந்திருக்காங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நாளைக்கு வழுக்கி விழுந்தா யாரு பாத்துக்குவாங்கக்கா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கே என் மேல் அந்த நம்பிக்கை இல்லை.

இன்று காலை ஆன்ட்டி கிளம்பிவிட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சீனியர் ஹோம்.

காரில் ஏறும் முன் வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

"மறுபடி ஒழுகுச்சுன்னா நீயே தொறந்து பாத்துக்கோம்மா. குரூப்ல போட வேணாம்."

மாடிக்கு வந்து போனைப் பார்த்தால் செகரட்டரியின் மெசேஜ். 'செகண்ட் ஃப்ளோர் லீக்கேஜ் பிரச்சினை முடிந்தது. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி!'

கீழே வரிசையாக எல்லோரும் தம்ஸ்-அப் போட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார்.

எனக்கு மட்டும் விரல் வரவில்லை. நீங்களாக இருந்தால் என்ன போடுவீர்கள், சொல்லுங்கள்.