அடுத்தவளுக்குத் தள்ளிய பந்து

டிவியில் கால்பந்து ஓடினால் என் வலது கால் சும்மா இருக்காது. கோலுக்கு அருகில் யாராவது பந்தை வைத்துக்கொண்டு தயங்கினால் போதும், எதிரே இருக்கும் ஸ்டூலை அது தானாக உதைத்துவிடும். "இன்னா, இன்னிக்கும் ஸ்டூலா? பந்து அங்க கீது" என்பார் என் வீட்டுக்காரர். சென்னைப் பக்கத்து வடக்குப்பட்டுக்காரர், கிண்டலுக்குக் குறை வைக்கமாட்டார். அதற்குமேல் எனக்கு உட்கார முடியாது. சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்பேன். கண்ணுக்குள் எங்கள் லீடர் அக்கா நிற்பாள், காலடியில் பந்தோடு.

கல்யாணத்துக்கு முன்பு ஒரகடம் பக்கம் போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். தங்கியது ஹாஸ்டலில். கம்பெனி பஸ் ஹாஸ்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு போகும், ஷிப்ட் முடிந்ததும் அதே வாசலில் இறக்கிவிடும். இடையில் இருக்கும் ஊரெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமையும் கேட் பூட்டித்தான் கிடக்கும். இந்த நிலையில்தான் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்குள் பெண்கள் கால்பந்துப் போட்டி என்று அறிவித்தார்கள். பயிற்சி செய்ய ஞாயிறு மாலையில் எதிர்ப்பக்கத்துக் காலிமனைக்குப் போகலாம் என்றார்கள். எங்கள் லைனின் லீடர் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா. பள்ளிக்கூடத்தில் ஆடியவள் என்பதால் அவளே கேப்டன். "ஜெயிச்சா டீம் இருக்கும். தோத்தா இதோட முடிச்சுக்கலாம்" என்று எச்.ஆர். சார் முதலிலேயே சொல்லிவிட்டார். கோப்பையைப் பற்றி எங்களில் யாருக்கும் கவலை இல்லை. தோற்றால் கேட்டை மறுபடி பூட்டிவிடுவார்கள், அதுதான் எங்கள் பயம்.

பந்தையே தொட்டிராத எங்களுக்கு அக்கா ஆட்டம் சொல்லிக்கொடுத்த விதம் தனி. எங்களுக்குத் தெரிந்தது பெல்ட் ஓரமாக அவரவர் ஸ்டேஷனில் நின்று வேலை பார்க்கும் லைன் ஒன்றுதான், அதையே மைதானத்தில் போட்டாள். "அவங்கவங்க ஸ்டேஷன்ல நில்லுங்க. ஏட்டி, பந்து வந்தா வச்சிக்கிட்டு நிக்காத, அடுத்தவளுக்குத் தள்ளு." இது எங்களுக்கு ஒரே மாலையில் பிடிபட்டுவிட்டது. பெல்ட்டில் வரும் பொருளை ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு நின்றால் சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். அந்தப் பயத்தில் பழகிய எங்களிடம் பந்து ஒரு நொடிகூடத் தங்காது. இடது பக்கம் மூன்று பேர் எதிராளிகளை இழுத்து வைப்போம், திடீரென்று வலது பக்கம் மாற்றிவிடுவோம். போட்டியன்று எதிரே ஆடியது கார் சீட் தைக்கும் கம்பெனிப் பெண்கள். எங்களைவிட வேகமாக ஓடுகிறவர்கள்தான், ஆனாலும் பந்தைத் தேடியே களைத்துப் போனார்கள்.

எல்லாம் கோல் வரைக்கும்தான். அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருத்தியும் அடுத்தவள் எங்கே என்று பார்ப்போம். கம்பம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும், நாங்கள் பந்தைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருப்போம். "இன்னாமா, கோலாண்ட வெச்சிக்கினு பூஜையா பண்றீங்க?" என்று வேடிக்கை பார்த்த ஒரு டிரைவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது. இடைவேளையில் அக்கா எங்களை உட்காரவிடவில்லை. "லைன் அந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல முடியுது. அங்க அடுத்த ஸ்டேஷன் கிடையாது. கண்ண மூடிக்கிட்டு அடி." தலையாட்டினோம்.

பிறகு அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். திட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை, தூரத்திலிருந்து ஒருத்தி ஓங்கி உதைத்தாள், உள்ளே போய்விட்டது. முடியப்போகும் நேரத்தில் பந்து இடது பக்கமாக என்னிடம் வந்தது, நான் அக்காவிடம் தள்ளினேன். கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடந்தாள். அக்காவுக்கு எதிரே யாருமே இல்லை. பந்தை நிறுத்தினாள். தலையைத் திருப்பி வலது பக்கம் பார்த்தாள். மெதுவாகத் தள்ளிவிட்டாள். அங்கே ஒருத்தியும் இல்லை, நாங்கள் எல்லாரும் பின்னால் நின்றோம். பந்து உருண்டு கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "கைக்குப் பழகினது காலுக்கும் பழகிட்டு."

அடுத்த நாள் கேன்டீனுக்கு எச்.ஆர். சார் வந்தார். கேட்டை மறுபடி பூட்டப்போவதைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று எல்லாருக்கும் துடிப்பு. "நீ கேளுடி", "ஐயோ, நீ கேளு" என்று மேசையைச் சுற்றிக் கிசுகிசுத்தோம். வழக்கமாக நாங்கள் லீடரிடம் சொல்வோம், லீடர் சூப்பர்வைசரிடம் சொல்வாள், அதற்குமேல் அந்தப் பேச்சு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அக்கா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், மேட்ச்ல தோத்துட்டோம். அதுக்கு ஞாயித்துக்கெழம கேட்ட எதுக்குப் பூட்டுதீங்க?"

"யார் சொல்லிக்குடுத்து கேக்கற?" என்றார் அவர்.

"யாரும் இல்ல சார். நாந்தான் கேக்கேன்."

அவள் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த மாதக் கடைசியில் அக்காவின் கான்ட்ராக்டை நீட்டிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று எங்கள் எல்லாரின் கையையும் பிடித்துச் சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு மாலை வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். யாரும் எதுவும் விளக்கவில்லை. காலிமனைக்குப் போனோம். யார் எங்கே நிற்பது என்று சொல்ல ஆளில்லை. பந்து எப்படியோ என் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர்கூட இல்லை. "இங்க குடுடி" என்று ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நான் கொடுக்கவில்லை. ஓங்கி அடித்தேன். பந்து கம்பங்களுக்கு நடுவில் புகுந்து பின்னாலிருந்த முள்புதரில் போய் விழுந்தது. ஒருத்தியும் கத்தவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முள்ளுக்குள் கையை விட்டு எடுத்துவந்து, மேட்சில் அக்கா பந்தோடு நின்ற தூரத்தை மனதில் கணக்குப் பண்ணி, அங்கே வைத்து மறுபடியும் அடித்தேன்.