பாதி ரோட்டில் நின்ற அத்தை

அவள் நடப்பதே ஓட்டம்தான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொன்ன பேச்சு அலுவலகம் வரை பரவி, அங்கும் அவள் ‘சக்கரம் மேடம்’ ஆகிவிட்டாள். புதிய சாலைகளில் வண்டிகளை விடுவதற்கு முன், அவை பாதுகாப்பானவையா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாலும் வளைவு வந்தால் அவள் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

அந்த ஆறு வழிச் சாலையை மறுநாள் திறக்க இருந்தார்கள். தடுப்புக் கம்பி, விளக்கு, எச்சரிக்கைப் பலகை எல்லாம் பார்த்தாகிவிட்டது. தண்ணீர் தேங்குகிறதா என்று லாரி லாரியாகக் கொட்டிக்கூடப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மதியம் சாப்பாடு இறங்கவில்லை. எதையோ விட்டுவிட்டோம், எதை என்றுதான் தெரியவில்லை. டம்ளரையும் கரண்டியையும் மேசையில் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“ஏம்மா, தட்டைச் சுத்தி ரோடு போட்டது போதும், சாப்பிடு” என்றாள் மாமியார். முழங்கால் இரண்டும் தேய்ந்தவள்; வாய் மட்டும் தேயவில்லை. மேசையைப் பிடித்து எழுந்து, சுவரைத் தொட்டு, நின்று மூச்சு வாங்கி, தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு நடந்தாள்.

மருமகளுக்குச் சுரீரென்றது. ஆட்கள் சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சை விளக்கு எரியும் நேரம் போதுமா என்று அவள்தான் நடந்து பார்த்திருந்தாள். தன் கால்களால்.

“அத்தை, செருப்பைப் போடுங்க. ஒரு இடத்துக்குப் போகணும்.”

“டாக்டர்கிட்டயா?”

“ரோட்டுக்கு.”

“கெட்டது குடி! கடைசில என்னை நடுத்தெருவுல நிறுத்தப்போறியா?”

அதுதான் நடந்தது. வெறிச்சோடிய சாலையில் அத்தை தடியை ஊன்றி ஊன்றிப் பாதி தூரம் போவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. நடுத்திட்டோ ஒரு பாதம் வைக்கும் அகலம்தான். தூரத்தில் வேலை லாரி ஒன்று மெதுவாகத்தான் போனது. அதற்கே அவள் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

“இப்ப நான் முன்னாடி போறதா, பின்னாடி வர்றதா?”

அங்கே நின்றிருந்த, சாலை போட்ட இன்ஜினியர் சங்கடமாகச் சிரித்தார். “பச்சை நேரத்தைக் கூட்டிட்டா போச்சு மேடம்.”

“கூட்டினா வண்டிங்க அந்த வளைவு வரைக்கும் வரிசையா நிக்கும். வேகமா வர்றவன் கண்ணுக்கு அது தெரியாது, மோதிடுவான். நடுத்திட்டை அகலமாக்கணும் சார். அங்க நின்னு, அடுத்த பச்சைக்குப் போகட்டும்.”

“நாளைக்குத் திறப்பு. மேடை போட்டு மைக்கும் கட்டியாச்சு.”

“அதை அவங்ககிட்டயே சொல்லுங்க.”

அவர் கம்பத்தடியில் நின்ற மாமியாரைப் பார்த்தார். போனை எடுத்தார்.

“தம்பி, போன் அப்புறம் பேசலாம், முதல்ல என்னைக் கரை சேத்துவிடு!” என்று குரல் வந்தது. இன்ஜினியர் ஓடிப்போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

திறப்பு தள்ளிப்போனது. ‘இதை முன்னாடியே ஏன் பாக்கல?’ என்று மேலதிகாரி அவளைக் கடிந்துகொண்டார். நியாயமான கேள்விதான். நடுத்திட்டை அகலமாக்கி, பிடித்துக்கொள்ளக் கம்பியும், பச்சை விளக்கு வர அமுக்கப் பொத்தானும் வைத்தார்கள்.

திறப்பு நாளில் எல்லோரும் கைதட்டியபோது அவள் கண் வேறெங்கோ இருந்தது. கொஞ்ச தூரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் நேராக நடுத்திட்டில் ஏறிக் குதித்துச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

“சார், பஸ் நிறுத்தத்தை இங்க, சிக்னல் பக்கத்துலயே மாத்தணும்.”

“இன்னிக்குத்தானே மேடம் திறந்தோம்!”

“வண்டியும் இன்னிக்கே ஓடுதே.”

இன்ஜினியர் பெருமூச்சு விட்டார். இருவரும் அந்தப் பக்கம் நடந்தார்கள்.