தரிசு என்று எழுதியிருந்த இடம்

அகில இந்திய சாரணர் முகாம் எங்கள் பக்கம் நடக்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தாறு வயது. வேலைக்குச் சேர்ந்த வருடமே சாரணியர் படையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினாறு பெண்கள். பள்ளி மைதானத்தில் முடிச்சுப் போடவும் கூடாரம் அடித்துப் பிரிக்கவும் நன்றாகப் பழகியிருந்தார்கள். ஆனால் ஒருத்திகூட ஒரு ராத்திரி வெளியில் தங்கியதில்லை.

அதுவரை அந்த முகாம் பெரிய நகரங்களில்தான் நடந்துவந்தது. குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் ஏற்கெனவே இருக்கும் மைதானங்கள். இந்தத் தடவை நாட்டுப்புறத்தில் நடத்திப் பார்க்கலாம் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். சித்தையன்கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு பெரிய மேய்ச்சல் வெளியையும் அதை ஒட்டிய தரிசையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மார்கழிக் கடைசியில் முகாம். சாரணியர் தங்கும் பகுதியைப் பார்த்து அறிக்கை அனுப்பச் சொல்லி மாவட்டச் செயலாளரிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும், மையில் வரைந்த ஒரு வரைபடமும் வந்தன. அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மடித்தேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பள்ளி ஆயாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். இறங்கிய இடத்தில் டீக்கடையில் ஏற்கெனவே முகாமைப் பற்றித்தான் பேச்சு. டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்களாம், அதனால் தார் ரோடு வந்துவிடுமாம், கரண்டும் வந்துவிடுமாம். என்னிடம் டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். நானே ரோட்டைக் கையோடு கொண்டுவந்த மாதிரி மரியாதை.

வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாரணியர் பகுதி என்று கோடு போட்டிருந்த இடத்துக்கு நடந்தேன். வரைபடத்தில் அங்கே ‘தரிசு’ என்று எழுதியிருந்தது. நேரில் இடுப்புயரம் சோளம் நின்றது. இரண்டு ஏக்கர் இருக்கும். நடுவில் ஒரு பெண் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான். விவரத்தைச் சொன்னதும் அவர் என் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது என்று அவரே சொன்னார்.

“இதுல தரிசுன்னா போட்டிருக்கு?”

“ஆமாங்க.”

“அப்ப நான் தையில என்னத்த அறுக்கப் போறேன் தாயி?”

அவர் கோபப்படவில்லை. போன வருடம் மழை பொய்த்துப் போட முடியாமல் கிடந்ததாம், அப்போது வந்து எழுதிக்கொண்டு போனதாக இருக்கும் என்றார். கணவர் பழனியில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்ப்பதால் காட்டு வேலை முழுக்க இவர் பாடு. என்னுடைய ‘ங்க’வைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். தொப்பம்பட்டிப் பக்கம் என்றேன். வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளைதானே, இதை உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும் என்றார். அந்த ஒரு சொல் என்னை பஸ்ஸில் வழி முழுக்கக் குடைந்தது.

அன்றிரவே அறிக்கை எழுதினேன். அந்த நிலம் தரிசு இல்லை, பயிர் நிற்கிறது, மார்கழியில் கதிர் பால் பிடித்திருக்கும், அறுக்க முடியாது என்று எழுதினேன். வேறு இடம் கிடைக்காவிட்டால் என் பெண்களை அழைத்துவர மாட்டேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். காலையில் அந்த வரியைப் படித்தபோது பயமாக இருந்தது. இருந்தாலும் அடிக்காமல் தபாலில் சேர்த்துவிட்டேன்.

பெண்களின் வீடுகளில் கதை வேறு. எல்லாரும் பார்க்கலாம், யோசிக்கலாம் என்றார்கள். காரணம் ஒருவரும் சொல்லவில்லை. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒருவர் மட்டும் நேரே பள்ளிக்கு வந்து என்னைப் பார்த்தார். அவருடைய மூத்த மகள் என் படையில் இருந்தாள். கூடாரம் அடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“டீச்சரம்மா, எங்க வீட்ல ரெண்டே ரெண்டு கேள்விதான். புள்ளைக எங்க குளிக்கும், எங்க ஒதுங்கும். இதுக்குப் பதில் தெரிஞ்சா அனுப்பிருவாக.”

மற்ற பதினைந்து வீடுகளிலும் இதே இரண்டு கேள்விகள்தான் இருந்தன என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் வாய்விட்டுக் கேட்டதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். பதில் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் போய்ப் பார்ப்போம் என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவர் மகளும் பஸ்ஸில் போனோம். அவர் சைக்கிளில் வந்துசேர்ந்தார். எதிர்பாராமல் அங்கே ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. மாவட்டச் செயலாளர் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றார். ஒழிந்தேன் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்ததும், “நான் வந்து பாக்காமலே கோடு போட்டுட்டேன்மா, தப்பு என்னோடதுதான்” என்றார். ஒரு இளம் ஆசிரியையிடம் அந்த வயதுக்காரர் அப்படிச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆனால் தேதியை மாற்ற முடியாது என்றார். எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் போய்விட்டது. பயிரை இப்போதே மாட்டுக்கு அறுத்துவிட்டு நஷ்டஈடு வாங்கித் தரலாமா என்று பக்கத்தில் நின்ற சோளக்காட்டு அம்மாவிடம் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை, சரி என்று சொல்ல மனசு இல்லை.

தோல் வியாபாரி இதற்குள் நிலத்தை ஒரு சுற்று சுற்றி வந்திருந்தார். திறந்த வெளியில் தோலைக் காயப்போட்டுப் பழகியவர், தரையின் சரிவு அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. மேய்ச்சல் வெளியின் கீழ்ப்பக்கத்தில் புல்லெல்லாம் ஒரே திசையில் படுத்திருப்பதைக் காட்டி, மழை வந்தால் தண்ணீர் இந்த வழியாகத்தான் ஓடும் என்றார். பிறகு சோளத்துக்கு அந்தப் பக்கம் மேட்டைக் காட்டினார். உடைமரங்கள் நின்ற கட்டாந்தரை. மேட்டின் ஓரத்தில் அந்த அம்மாவின் கமலைக் கிணறு.

“பொம்பளப் புள்ளைகள அந்த மேட்டுல போடுங்க. குளிக்கக் கெணறு பக்கத்துல இருக்கு, ஒதுங்க மேட்டுக்குப் பின்னால குழி வெட்டிக்கலாம். பையங்க கூடாரமெல்லாம் இந்தப் பக்கம், முகாம் சமயத்துல மழை இருக்காது. நடுவுல சோளம் நிக்கட்டும். மார்கழியில ஆள் ஒசரத்துக்கு மேல வந்துரும். இத விட மறப்பு நம்மளால கட்ட முடியுமா?”

செயலாளர் வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, தரிசு என்பதை அடித்துச் ‘சோளம்’ என்று எழுதினார். அந்த அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். கிணறு வற்றிவிட்டால் தனக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இல்லை என்றார். கிணறு சாரணியர் குளிக்க மட்டும், மற்றவர்களுக்கு லாரியில் தண்ணீர் வரும், முகாமுக்கு முன்பே கிணற்றைத் தூர்வாரித் தருகிறோம் என்று செயலாளர் சொன்னார். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் வந்தால் கதிரை ஒடிக்காமல் இருப்பார்களா என்று அந்த அம்மா அடுத்துக் கேட்டார். அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

பதினாறு வீட்டிலும் சம்மதித்தார்கள். தோல் வியாபாரியின் மனைவி தானே நாலு வீடு ஏறி, தன் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னாராம்.

முகாம் தொடங்கியபோது தூர்வாரிய கிணற்றில் தெளிந்த தண்ணீர் நின்றது. சோளத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். என் பெண்கள் முறை வைத்து நின்று கிளி விரட்டினார்கள். வேறு மாநிலங்களிலிருந்து வந்த, நம் மொழி தெரியாத பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தகர டப்பா தட்டுவதற்கு மொழி என்னத்துக்கு. பனிக்குளிரில் கிணற்றடியில் வரிசையாகக் குளித்துவிட்டு, ஈரத் துணியை உடைமரத்தில் காயப்போட்டுவிட்டு, அவர்கள் சிரித்த சிரிப்பை நான் எந்த அணிவகுப்பிலும் பார்க்கவில்லை. அணிவகுப்பை நான் அதிகம் பார்க்கவும் இல்லை. என் கண் கதிர் மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் காலம் தப்பிய மழை. ஒரு மணி நேரம்தான் கொட்டியது. கீழ்ப்பக்கம் சொன்னபடியே வெள்ளமாக ஓடியது. பையன்களின் கூடாரங்களுக்குள் முழங்காலளவு தண்ணீர். பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தவர்களில் ஒரு கூட்டம் கயிற்றைப் பார்க்காமல் சோளத்துக்குள் புகுந்துவிட்டது. மழை விட்டுப் பார்த்தபோது ஒரு மூலை முழுக்கச் சாய்ந்து சேற்றில் கிடந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். தோல் வியாபாரியின் மகள்தான் முதலில் சேற்றில் இறங்கினாள். சாய்ந்த தட்டைகளை ஏழெட்டாகச் சேர்த்து நிமிர்த்தி, கூடாரக் கயிற்றால் முடிச்சுப் போட்டாள். மற்றவர்களும் இறங்கினார்கள். பிறகு வடக்கேயிருந்து வந்த பையன்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டு வந்து, என்ன செய்யவேண்டும் என்று கையாலேயே கேட்டார்கள். வெயில் இறங்குவதற்குள் மூலை நின்றுவிட்டது. கொஞ்சம்தான் ஒடிந்து போயிருந்தது.

அந்த அம்மா வந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“விடுங்க டீச்சர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி காத்துல சாஞ்சப்ப நான் ஒத்தையாத்தான் கட்டுனேன். இன்னிக்கு இம்புட்டுப் பேர் கட்டியிருக்கீக” என்றார்.

கூடாரம் நனைந்த பையன்களில் சின்னவர்களுக்கு அவர் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அன்று படுக்க இடம் கிடைத்தது.

தார் ரோடு வரவில்லை. கரண்டு வர இன்னும் பல வருடம் ஆனது. டீக்கடைக்காரர்கள் அடுத்த முறை என்னிடம் டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்கள், அது நியாயம்தான். அந்த வெளியில் மறுபடி முகாம் நடத்துவதாக இருந்த பேச்சும் மழையோடு நின்றுபோனது. கிணறு மட்டும் நன்றாக ஊறியது.

தையில் அறுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடமிருந்து பஸ் கண்டக்டர் மூலம் தகவல் வந்தது. உழுவதற்கு முன்னால் கூடார முளைகள், கம்பித் துண்டுகள் ஏதாவது மண்ணில் கிடந்தால் பொறுக்கித் தரவேண்டும், மாட்டின் காலில் ஏறிவிடும் என்று. ஒரு சனிக்கிழமை பதினாறு பேரையும் அழைத்துக்கொண்டு போனேன். தோல் வியாபாரி சைக்கிள் கேரியரில் ஒரு அண்டா தேங்காய்ச் சோறு கட்டிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை அந்த அம்மா கவிச்சி தொடமாட்டார் என்று மகள் சொல்லியிருந்தாளாம், அதற்காகவே வேறு எதுவும் சேர்க்காமல் சமைத்தது. வெஞ்சனத்துக்கு அந்த அம்மா கத்தரிக்காய் வதக்கி வைத்திருந்தார்.

மதியம் வரை குனிந்து பொறுக்கினோம். இரண்டு சாக்கு நிறைய முளையும் கம்பியும் கிடைத்தன. கிணற்றடியில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மா இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிக்கொண்டு, பக்குவம் எப்படி என்று தோல் வியாபாரியிடம் விசாரித்தார். அவர் தனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும் என்றார். மகள்தான் தேங்காய்ப் பால் எத்தனை, அரிசி எத்தனை என்று அந்த அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.