கருவாட்டுக் கூடையோடு அக்கா கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுத் துக்கத்தைத் தங்கள் துக்கமாக நினைத்து வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் என் வணக்கம். அக்காவை நான் ஒருநாளும் மரியாதை கொடுத்துக் கூப்பிட்டதில்லை. "வாக்கா, போக்கா" தான். அச்சில் 'அவர்', 'சொன்னார்' என்றுதான் வரவேண்டும் என்கிறார்கள். அவர் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் அப்படியே எழுதுகிறேன்.

அக்கா உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டை ஒட்டிய எங்கள் தெருவில் மூத்த மகளாகப் பிறந்தார். அவருக்குப் பத்து வருடம் கழித்து நான். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. அக்காவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார்.

அப்பா நோயில் விழுந்தபோது, பெரம்பலூருக்கு மேற்கே ஒரு கல்குவாரிக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கினார்கள். அப்பா பிழைக்கவில்லை. வாங்கியதற்காக அக்கா, அவருடைய கணவரான எங்கள் மாமா, நான் என்று மூன்று பேரும் குவாரிக்குப் போனோம். அம்மா மட்டும் ஊரில் இருந்தார். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. நான்கு வருடம் ஆகியும் விடவில்லை. சந்தைக்குக் குடும்பத்தில் ஒருவர்தான் போகலாம். போனவர் திரும்பி வருவதற்குக் கொட்டகையில் இருப்பவர்கள்தான் பிணை.

ஒருநாள் ஊரிலிருந்து சித்தப்பா வந்து, அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். அக்கா மேஸ்திரியின் காலில் விழுந்தார். "போயி என்ன, எழுப்பியா கொண்டாரப் போறீங்க? போயி கல்ல ஒடைங்க" என்றார் அந்த ஆள். உடைத்தோம். அன்று அக்கா அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பெரம்பலூரே தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டது என்று சந்தையில் யாரோ பேசிக்கொண்டதை அக்கா கேட்டிருக்கிறார். அடுத்த சந்தைக்குப் பையோடு கிளம்பியவர் என் காதருகே வந்து, "பாப்பா, நான் ஆளக் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன். எவன் என்ன கேட்டாலும் தெரியாதுன்னே சொல்லு" என்றார். சாயங்காலம் திரும்பவில்லை. மறுநாள் மாமாவை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோனார்கள். மேஸ்திரி என்னிடம் வந்து, "ஒங்கக்கா யாரக் கூட்டிக்கிட்டு வந்தாலும் நல்லா இருக்கோம்னு சொல்லு. ஒங்க மாமா நல்லபடியா வந்து சேரணுமில்ல?" என்று சிரித்தார். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் கொட்டகைக்கு வெளியே ஓடிவந்து பார்த்தேன். அக்கா வந்துவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், வந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் ஜீப் வந்தது. கோட்டாட்சியர் இறங்கினார். அவருக்குப் பின்னால் அக்கா, போனபோது கட்டியிருந்த அதே புடவையில். அதிகாரி எங்களை வரிசையாக நிற்கவைத்து, "உங்களை யாராவது கொத்தடிமையா பிடிச்சு வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். அந்தச் சொல்லையே நான் அன்றுதான் முதலில் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் வந்தார். நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"இல்லீங்க சார். நல்லாத்தான் இருக்கோம். எங்கக்கா கோச்சுக்கிட்டுப் போயி பொய் சொல்லுது."

அதிகாரி ஃபைலை மூடினார். "என்னம்மா, உன் தங்கச்சியே இப்படிச் சொல்லுது?"

அக்கா என்னை அறைவார் என்று நினைத்தேன். கிட்டே வந்து என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினார். "சரி பாப்பா, நல்லாத்தான் இருக்கீங்க. அப்ப அம்மா சாவுக்கு ஏன் போவல?"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் மாமா திரும்பமாட்டார். ஆனால் "வுடலக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்துக் கொட்டகைப் பெண், "எங்க அண்ணன் சாவுக்கும் வுடலிங்க சார்" என்றார். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அதிகாரி மறுபடியும் ஃபைலைத் திறந்து எழுதத் தொடங்கினார். நானோ, மாமாவை நானே கொன்றுவிட்டேன் என்று குவாரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் போலீஸ்காரர்கள் அவரை வேறொரு குவாரியிலிருந்து கூட்டி வந்தார்கள். கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தார். அந்த நொண்டல் அவருக்கு இன்றுவரை இருக்கிறது. விடுதலைச் சான்று கொடுத்து எங்களை ஊருக்கு அனுப்பிவைத்தார்கள்.

என் பொய்யை அக்கா ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நானாக மன்னிப்புக் கேட்டபோது, "போடி இவளே. ஆளுங்ககிட்ட எப்படிக் கேக்கணும்னு உன்னாலதான் எனக்குத் தெரிஞ்சிச்சு" என்றார்.

இதோடு தொல்லை விட்டது என்று நானும் மாமாவும் நினைத்தோம். அக்கா கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கருவாட்டுக்காரியைக் குவாரியிலோ செங்கல் சூளையிலோ எவனும் தடுப்பதில்லை. எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டுபவர்களின் கொட்டகைக்கும் போவார். எடை போட்டுக்கொண்டே, "ஏம்மா, ஒங்க வூட்ல ஒரு சாவுன்னா போவ வுடுவாங்களா?" என்று கேட்பார். இதற்கு அவர் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. "காலங்காத்தால சாவப் பத்திக் கேக்குறியே, மொதல்ல வாயக் கழுவு!" என்று ஒரு அம்மா கூடையையே கவிழ்த்துவிட்டார். ஆனால் சில இடங்களில் பதில் வராது. தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்காக மறுவாரமும் போவார். பெயர்களைக் கேட்டுக்கொண்டு வந்து மனு எழுதவைத்து ஆபீஸ் ஆபீஸாக ஏறுவார். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, அடுத்த வருடமே திரும்பச் சேர்த்தபோது, "நான் எந்த வாசல்ல போயி நிக்கிறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்கய்யா" என்று கலெக்டர் ஆபீஸிலேயே சத்தம் போட்டாராம்.

சாயங்கால பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்வரை என் உயிர் என்னிடம் இருக்காது. ஒருமுறை கூடை இல்லாமல், ஒடிந்த கையில் கட்டோடு இறங்கினார். யார் அடித்தது என்று சொல்லவே இல்லை. "நாமதான் தப்பிச்சிட்டோமே, போதாதாக்கா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். "நீ இன்னும் அங்கயே உக்காந்திருந்தா, போதும்னு சொல்லுவியா?" என்றார். எனக்குப் பயம் போகவில்லை. சண்டை போட்டேன், பேசாமல் இருந்து பார்த்தேன், சாமிக்கு நேர்ந்துகொண்டேன். எதுவும் பலிக்கவில்லை. மறுவாரம் புதுக் கூடை வாங்கிவிட்டார்.

கடைசியில் அவரைப் படுக்கவைத்தது குவாரித் தூசிதான். நெஞ்சில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு முட்டும்போதும் அவருக்கு ஒரே கவலை. வரதராஜன்பேட்டைக்கு அப்பால் ஒரு சூளையில் ஒரு குடும்பம் இருந்தது. அக்கா மனு கொடுத்து, திங்கட்கிழமை அதிகாரியோடு வருவதாக அவர்களிடம் சொல்லியிருந்தார்.

"தெரிஞ்ச மொகம் இல்லன்னா அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அப்புறம் எங்கயாச்சும் மாத்திடுவானுங்க. உன்ன என்கூட சந்தையில பாத்திருக்காங்கல்ல, நீ போ பாப்பா."

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா? கூடையத் தூக்குற அன்னிக்கெல்லாம் வயித்தக் கலக்கும்டி."

இத்தனை வருடத்தில் அன்றுதான், அவரும் பயந்துகொண்டே போனவர் என்று எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலையில் இழுப்பு அதிகமாகிவிட்டது. பக்கத்திலேயே இருங்கள் என்றார் டாக்டர். அக்கா வாசலைக் கையால் காட்டினார். போனேன். ஜீப்பில் அக்காவின் கேள்வியை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சூளையில் அந்தக் குடும்பத்துப் பெரியவர், "ஒரு குறையும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கோம்" என்றார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அக்கா கேட்டதைக் கேட்டேன். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். எல்லாவற்றையும் எழுதி முடிக்க மதியம் தாண்டிவிட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அக்கா போய்விட்டிருந்தார். கூடப் பிறந்தவள் அந்த நேரத்தில் எங்கே ஊர் சுற்றப் போனாள் என்று சாவு வீட்டில் சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. அந்தச் சூளைக்குத்தான் போனேன். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கடைசி நாட்களில் அக்காவின் முதுகைத் தடவிவிட்ட நர்ஸம்மாவுக்கும், முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்த குவாரிக் காலத்துப் பெண்களுக்கும், காரியம் முடியும்வரை பந்தலை விட்டு நகராத எங்கள் தெருக்காரர்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் மேலாக மாமாவுக்கு நன்றி. நான் இல்லாத அந்த நேரத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

அக்கா ஒருமுறை கண்ணைத் திறந்து, "பாப்பா வந்துட்டாளா?" என்று கேட்டாராம். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி மாமா, "இன்னும் வரல" என்றிருக்கிறார்.

"வரலியா? அப்ப எல்லாரும் வாயத் தொறந்துட்டாங்க. சார் எழுதிக்கிட்டு இருக்காரு" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டாராம்.

இப்படிக்கு,
தங்கை