அரிசிக்கு அடித்த சத்தம்

ஈப்போவில் ஆசிரியர் பயிற்சி எடுத்தபோது நடத்தையியல் பாடம் நடந்தது. மணியடித்துச் சோறு போட்டே பழக்கிய நாய்க்கு, பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே வாயூறுமாம். மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று தேட வேண்டாம், கண்ணுக்குத் தெரியும் நடத்தையைப் பாருங்கள் என்றார் விரிவுரையாளர். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

நான் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில், அரிசி வந்த அன்று மட்டும் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, ஆபீஸ் வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பார். மரவள்ளிக் கிழங்கையே தின்று வீங்கிப்போன கால்களோடு நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

ஒரு நாள் மத்தியானம் அதே சத்தம். ஓடியவர்களுக்கு அரிசி இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க இரண்டு லாரிகள் நின்றன, சுற்றிலும் துப்பாக்கிகள். எங்கள் வீட்டிலிருந்து ஓடியவர் சித்தப்பா, குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே. ஏமாளிகள் என்று பேசுகிறவர்கள் ஒரு மாதம் கிழங்கை மட்டும் தின்று பார்க்கட்டும். சத்தம் கேட்டு ஓடியதுவரை அந்தப் பாடம் எழுத்துக்கு எழுத்து சரி.

அப்பா லயத்துக்குப் பின்னால் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காட்டுப் பக்கம் ஓடிருங்க. உங்கள யாரும் பாக்கல லா!"

"அவன் காய்ச்சல்காரன். தண்ணி மோந்து குடுக்க ஒரு ஆளு வேணாமா? வுடு, போயிட்டு வாரேன்."

நடந்து போய், தானாகவே லாரியில் ஏறித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். காவல் நின்ற சிப்பாய்கூட ஒரு கணம் விழித்தான். இருவரும் திரும்பி வரவில்லை.

அந்தப் பாடத்தைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். கரும்பலகைப் பக்கம் வரவே பயந்த பிள்ளையை, எடுத்து வைத்த ஒவ்வோர் அடிக்கும் பாராட்டிப் பாராட்டியே எழுத வைத்திருக்கிறேன். ஆனால் அப்பா லாரியில் ஏறியதற்கு எது தூண்டல், என்ன வெகுமதி? விரிவுரையாளரிடமே கேட்டேன். "அதையெல்லாம் அளக்க முடியாதும்மா" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

அன்பு என்று சொல்லிவிடலாம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஏறும் முன் அப்பா ஒருமுறை திரும்பி, லயத்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். பார்த்த பிறகும் ஏறினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.